தளபதியா, துரையா?
‘வார்லோர்ட்ஸ் ஒவ் டிரேனோர்’ விரிவாக்கம் பற்றிய ஒரு மறுமதிப்பீடு

கலைப்படைப்பு ஒன்று மக்களால் வெறுக்கப்படுவதற்கும் அது தரத்திற் குறைந்ததாயிருப்பதற்கும் உள்ள தொடர்பு நேரானதன்று. வெறுப்பு சிலவேளைகளிற் படைப்பின் பலவீனத்தைக் காட்டும். வேறு சிலவேளைகளில் அப்படைப்புத் தன்னையறியாமல் வெளிப்படுத்திவிட்ட உண்மையொன்றின் கூர்மையைக் காட்டும். இவ்விரண்டும் ஒரே படைப்பிற் கலந்து கிடக்கும் சந்தர்ப்பங்களும் உள. அத்தகைய சந்தர்ப்பமொன்றையே இக்கட்டுரையில் நாம் ஆராய எடுத்துக்கொள்கின்றோம். எடுத்துக்கொண்ட பொருள் நாவலோ நாடகமோ அன்று. கணினி விளையாட்டு ஒன்றின் விரிவாக்கம் ஆகும்.

விளையாட்டு இலக்கியத் திறனாய்வுக்கு உரிய பொருளா என்ற வினா எழுவது இயல்பே. நாவலைப் பற்றியும் ஒருகாலத்தில் இவ்வினா எழுந்தது. பேராசிரியர் கைலாசபதி 1968 இல் ‘தமிழ் நாவல் இலக்கியம்’ என்னும் நூலை வெளியிட்டபோது, அவ்வடிவத்தை அதனைப் பிறப்பித்த சமுதாயத்தோடு சேர்த்து நோக்கும் முறைமையைத் தமிழ் ஆய்வுலகில் நிலைநாட்டினார். விளையாட்டுக்கும் அம்முறைமை பொருந்தும். மேலும், மார்க்சிய அழகியலில் விளையாட்டு புதிய பொருளன்று. ஆதி மனிதரிடையே விளையாட்டே முந்தியது, உழைப்பு அதன் பின்னரே வந்தது என்று கார்ல் பூச்சர் முதலியோர் கொண்ட கருத்தை எதிர்த்துப் பிளெக்கானவ் வாதிட்டதை வாசகர் அறிவர். சமுதாய வரலாற்றில் உழைப்பே முந்தியது. விளையாட்டு அதன் குழந்தை என்பது பிளெக்கானவின் முடிபு. நாம் எடுத்துக்கொண்ட விரிவாக்கமோ இவ்வரிசையைத் திருப்பிவிட்டது. குழந்தை மீண்டும் தாயின் வேலைக்குப் போகத் தொடங்கிற்று.

வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்ட் என்னும் இணையவழிப் பாத்திரமேற்பு விளையாட்டினைக் கலிபோர்னியாவிலுள்ள பிளிசார்ட் என்டர்டெயின்மென்ட் கம்பனி 2004 நவம்பரில் வெளியிட்டது. மாதச் சந்தா செலுத்தும் ஆட்டக்காரர் தமக்கென ஒரு பாத்திரத்தைப் படைத்துக்கொண்டு, ஆயிரக்கணக்கான பிறரோடு ஒரே கற்பனையுலகில் ஒரே வேளையில் உலவுவர். அலையன்ஸ், ஹோர்ட் என அவ்வுலகில் இரு பேரணிகள் உண்டு. கடினமான பகைகளை வெல்லப் பத்து, இருபது பேர் கூடிப் போர்தொடுக்க வேண்டும். அதற்கெனக் குழுக்கள் அமையும். ஏறத்தாழ இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளிவரும் விரிவாக்கம் ஒவ்வொன்றும் புதிய நிலப்பரப்பையும் கதையையும் விதிகளையும் கொணரும். 2010 ஒக்டோபரில் சந்தாதாரர் தொகை 1 கோடியே 20 இலட்சத்தை எட்டியது. அதுவே உச்சம்.

ஐந்தாவது விரிவாக்கமான ‘வார்லோர்ட்ஸ் ஒவ் டிரேனோர்’ 2014 நவம்பர் 13 இல் வெளிவந்தது. முன்னையவை ஏறத்தாழ 40 டொலருக்கு விற்கப்பட, இதன் விலை ஏறத்தாழ 50 டொலர். சரிந்துகொண்டிருந்த சந்தாத் தொகை ஒரே மாதத்தில் மீண்டும் 1 கோடியைத் தாண்டிற்று. 2015 மார்ச் முடிவில் அது 71 இலட்சம். ஜூன் முடிவில் 56 இலட்சம். செப்டெம்பர் முடிவில் 55 இலட்சம். இதன் பின்னர்ச் சந்தாதாரர் தொகையை வெளியிடுவதையே கம்பனி நிறுத்திக்கொண்டது. புள்ளிவிவரம் பாதகமானதும் புள்ளிவிவரத்தையே நிறுத்துவது அரசாங்கங்களுக்கு மட்டும் உரிய வழக்கமன்று போலும்.

விரிவாக்கத்தின் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. முதலில் அறிவிக்கப்பட்ட தலைநகர்கள் இரண்டும் கைவிடப்பட்டன. 2015 பெப்ரவரியில் வந்த முதலாவது பெரிய திருத்தத்தில், தன்னைத்தானே படம்பிடிக்கும் கருவியும் டுவிட்டர் இணைப்புமே பேசுபொருளாகி நகைப்புக்கிடமாயின. டிரேனோர் வானிற் பறக்க விடமாட்டோம் என்று அவ்வாண்டு மே மாதத்தில் வடிவமைப்பாளர் அறிவிக்க, ஆட்டக்காரர் கொதித்தெழ, அடுத்த மாதமே அம்முடிவு தளர்த்தப்பட்டது. 2015 ஜூனில் இறுதிப் போர்க்களம் திறக்கப்பட்டபின் 2016 ஓகஸ்டில் அடுத்த விரிவாக்கம் வரும்வரை பதினான்கு மாதங்கள் புதிதாக எதுவுமே இல்லை. இவை யாவும் உண்மையான குறைகளே. இவற்றை மறுத்து இவ்விரிவாக்கத்திற்கு வக்காலத்து வாங்குவது எமது நோக்கமன்று. ஆயின் எல்லாக் குற்றச்சாட்டுகளுக்கும் நடுநாயகமாக நின்றது வேறொன்று: காவலரண்.

காவலரண் என்பது ஒவ்வோர் ஆட்டக்காரருக்கும் தனித்தனியே வழங்கப்பட்ட குடியிருப்பு. கதைப்படி அவர் இப்போது சாதாரண வீரரல்லர், தளபதி. நிலத்தில் இடங்கள் சிறியன, நடுத்தரமானவை, பெரியன எனப் பிரிக்கப்பட்டுள்ளன. மரஆலை, தொழுவம், வர்த்தக நிலையம், பட்டறை, பாசறை என விரும்பியதைத் தெரிந்து எழுப்பலாம். அவற்றுக்கு ‘வேலைக்கட்டளை’ கொடுத்தால், சில மணிநேரம் கழித்துப் பொருள் அடுக்கப்பட்டிருக்கும். ஒரு மேசையில் வரைபடம் விரிந்துகிடக்கும். இருபது வரையிலான துணைவர்களை அதிலிருந்து பணிப்பயணங்களுக்கு அனுப்பலாம். யாரை அனுப்பினால் வெற்றிவாய்ப்பு எத்தனை வீதம் என்பதை மேசையே கணக்கிட்டுச் சொல்லும். பயணம் முடிய நான்கு மணி, எட்டு மணி என மெய்யான நேரம் செல்லும். ஆட்டக்காரர் கணினியை மூடிவிட்டு உறங்கினாலும் அந்நேரம் ஓடிக்கொண்டிருக்கும். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகக் காவலரணின் வளம் பெட்டியிற் சேரும். காலையில் வந்து அள்ளிக்கொள்ள வேண்டியதே தளபதியின் வேலை.

இதனை மேனாட்டு ஆட்டக்காரர் வெறுத்தமைக்குக் கூறிய காரணம் இரண்டு. ஒன்று, தனிமை: ஒவ்வொருவரும் தத்தம் காவலரணுக்குள் அடைபட்டுக்கிடக்க, பொதுவிடங்கள் வெறிச்சோடின. மற்றையது, சலிப்பு: சுரங்கத்திற் கனிமம் எடுத்தல், தோட்டத்தில் மூலிகை பறித்தல், கட்டளைகளைப் புதுப்பித்தல், துணைவரை அனுப்புதல் என நாள்தோறும் ஒரே சுற்று. பல பாத்திரங்களை வைத்திருந்தவர்கள் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் உரிய காவலரணுக்குப் போய் இச்சுற்றைத் திரும்பத் திரும்பச் செய்தனர். ‘விளையாட்டு வேலையாகிவிட்டது’ என்பதே அவர்கள் முறைப்பாட்டின் சாரம்.

இம்முறைப்பாட்டில் ஒன்று கூறப்படாமல் விடப்பட்டது. அதனைக் காண்பதற்கு மலையகத்து வாசகருக்கு எவ்விதக் கோட்பாட்டுப் பயிற்சியும் தேவையில்லை. பேராதனையிலிருந்து பல்கலைக்கழகத்தை ஊடறுத்து ஏறும் வீதி கலஹாவுக்குச் செல்கிறது. கலஹாவைச் சூழ்ந்து தேயிலை மலைகள். 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் வர்த்தக நோக்கோடு முதன்முதல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரத் தோட்டமும் இவ்வட்டாரத்துக்கு அண்மையிலேயே உள்ளது. இங்கிருந்து நோக்கும் ஒருவருக்குக் காவலரண் என்பது போர்ப்பாசறையாகத் தோன்றாது. அது தோட்டம். மேசையருகே நிற்பவர் தளபதியல்லர்; பெரியதுரை.

ஒப்புமையை நாம் வலிந்து புகுத்தவில்லை. ஹோர்ட் அணியின் காவலரணில் மரம் வெட்டுவோரும் மூட்டை சுமப்போரும் ‘பியோன்’ எனப்படுவர். இச்சொல்லின் வரலாறு கவனத்துக்குரியது. போர்த்துக்கேய மொழியிலிருந்து வந்து எமது அலுவலகங்களிற் கடைநிலைச் சேவகரைக் குறிக்கும் இதே சொல், ஸ்பானிய அமெரிக்காவிற் பெருந்தோட்டங்களிற் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த கூலியாளைக் குறித்தது. விளையாட்டை அமைத்தவர்கள் இச்சொல்லைத் தற்செயலாகக் கண்டெடுத்தனர் என்றே கொள்வோம். ஆயினும் 2004 ஆம் ஆண்டு விளையாட்டிலேயே, ஓர்க் இனப் பாத்திரமாகத் தொடங்கும் ஆட்டக்காரருக்கு வழங்கப்படும் ஆரம்பப் பணிகளுள் ஒன்று யாது? மேற்பார்வையாளன் கையில் ஒரு தடியைக் கொடுத்து, வேலைநேரத்தில் மரத்தடியில் உறங்கும் பியோன்களை அடித்தெழுப்பிவிட்டு வரச் சொல்கின்றான். அப்பணியின் தலைப்பே ‘சோம்பேறிப் பியோன்கள்’ என்பதாகும். வீரன் தன் வாழ்க்கையைச் சில்லறைக் கங்காணியாகத் தொடங்குகின்றான். பத்தாண்டு கழித்து அவன் துரையானதிற் கதைப்போக்கின் முரண் எதுவும் இல்லை. பதவியுயர்வு மட்டுமே உண்டு.

தோட்டத்துச் சமூக அடுக்கு காவலரணில் அப்படியே படிந்திருப்பதையும் காண்க. துணைவர்களுக்குப் பெயர் உண்டு, முகம் உண்டு, தரம் உண்டு, திறமை உண்டு. மேசையில் அவர்களுடைய படங்கள் அடுக்கப்பட்டுள்ளன. இவர்கள் கணக்கப்பிள்ளை, கண்டக்டர், டீமேக்கர் ஆகியோரின் நிலையினர். பியோன்களுக்கோ பெயர் கிடையாது. மலையகத்தில் ஒருநாள் வேலையைக் குறிக்கும் சொல்லே ‘பேர்’ என்பது. ஒருநாளைக்கு ஒரு பேர் விழும். குறித்த அளவு கொழுந்து நிறுக்கப்படாவிடின் அரைப்பேர். பேரேட்டில் விழும் பேர்தான் தொழிலாளிக்கு எஞ்சும் அடையாளம் என்றால், காவலரணின் உழைப்பாளிக்கு அந்தப் பேர்கூட விழுவதில்லை. அவனுக்குக் கூலியில்லை, கூலிக்குரிய ஏடும் இல்லை.

கட்டக்கூடிய கட்டடங்களின் பட்டியலை நாம் முழுமையாக ஆராய்ந்து பார்த்தோம். சேமிப்பகம் உண்டு, சத்திரம் உண்டு, மந்திரவாதிக்குக் கோபுரம் உண்டு. குதிரை முதலிய ஊர்திப் பிராணிகளுக்குக் கொட்டில் உண்டு. போருக்குப் பழக்கும் சிறு பிராணிகளுக்குத் தனியே ஒரு தொட்டியும் உண்டு. உழைப்பாளர் வாழ்வதற்கென ஒரு கட்டடம் இல்லை. லயத்தைக்கூடக் கட்ட முடியாத தோட்டம் இது. காலனித்துவத் தோட்டத்துரை உழைப்புச் சக்தியின் மறு உற்பத்திக்காவது பத்தடிக் காம்பிராவைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஆளைக் கடல்கடந்து கொணரத் தலைக்காசு செலவிட வேண்டியிருந்தது. காவலரணோ உழைப்புச் சக்தியைச் செலவின்றிப் பெறும் முதலாளியின் கனவைச் சித்திரிக்கின்றது. துணைவர் பணிப்பயணங்களிற் சாவதுமில்லை. 2015 ஜூனில் கப்பற்றுறை சேர்க்கப்பட்டபோது கப்பல்கள் மூழ்கி அழியக்கூடும் என்ற விதி வந்தது. சொத்துக்கு அழிவு உண்டு, ஆளுக்கு இல்லை. ஆள் அழியாதவன் என்பதால் அவனைப் பற்றிய கவலையும் எழ வேண்டியதில்லை.

மேனாட்டு ஆட்டக்காரரின் முறைப்பாட்டில் விடுபட்டது இதுவே. தாம் தனியாக இருந்ததாக அவர்கள் கூறினர். அவர்களைச் சுற்றி விறகு பிளந்துகொண்டும் கல் சுமந்துகொண்டும் எத்தனையோ உருவங்கள் இயங்கின. அவ்வுருவங்கள் நடுவே நின்றுகொண்டு ‘இங்கே ஒருவருமில்லை’ என்று கூறும் மனநிலையை இலங்கைத் தோட்டத்துரைமார் எழுதிவைத்த நினைவுக்குறிப்புகளைப் படித்தவர் நன்கு அறிவர். முந்நூறு குடும்பங்கள் வாழும் மலையில் தனிமை வாட்டியது என்று எழுதுவதற்கு அவர்களுக்குத் தயக்கம் இருந்ததில்லை.

ஆயினும் துரையைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பாதியை மட்டுமே இதுவரை கூறினோம். தோட்டத்துரை நிலவுடைமையாளரல்லர், பெரும்பாலும் அவர் சம்பளக்காரர். அவருக்கு மேலே கொழும்பில் ஏஜென்சிக் கம்பனி. அதற்கும் மேலே இலண்டனிற் பங்குதாரர். காவலரணின் தளபதிக்கும் நிலை இதுவே. அவர் மாதந்தோறும் ஏறத்தாழ 15 டொலரைச் செலுத்தி இப்பதவியை வகிக்கின்றார். சம்பளம் பெறும் துரையாவது தன் பிழைப்புக்காகப் பெரட்டுக்குப் போனார். பணம் கொடுத்துப் பெரட்டுக்குப் போகும் துரையை முதலாளித்துவம் எமது காலத்திலேயே உருவாக்கியுள்ளது. 2021 மார்ச்சிற் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவாக்கப்பட்டபோது, அந்நாளைய செலாவணி வீதப்படி இச்சந்தா ஏறத்தாழ மூன்று பேருக்குச் சமம் என்பதையும் இடையே குறித்துவைக்கின்றோம்.

2015 ஏப்ரலில் இவ்வமைப்பின் அடுத்த கண்ணி வெளிப்பட்டது. வோர்கிராஃப்ட் டோக்கன் என்னும் பண்டத்தைக் கம்பனி அறிமுகப்படுத்தியது. ஒருவர் மெய்ப்பணமாக 20 டொலர் கொடுத்து டோக்கனை வாங்குவர். விளையாட்டுச் சந்தையில் மற்றொருவர் பொற்காசுகளைக் கொடுத்து அதனை அவரிடமிருந்து பெற்று, ஒரு மாத விளையாட்டு நேரமாக மாற்றிக்கொள்வர். துணைவர்களைப் பணிக்கு அனுப்பிப் பொற்காசு சேர்த்தவர்கள் சந்தாவையே அவ்வழியிற் கட்டத் தொடங்கினர். பலரும் இதனைப் பெரும் சலுகையாகக் கொண்டாடினர். கணக்கைப் பாருங்கள். 15 டொலருக்கு விற்கப்பட்ட அதே ஒரு மாதத்துக்கு இப்போது கம்பனிக்குக் கிடைப்பது 20 டொலர். பொற்காசு கொடுத்தவர் தம் நேரத்தைக் கொடுத்தார். பணம் கொடுத்தவர் ஐந்து டொலர் கூடுதலாகக் கொடுத்தார். கம்பனி எதனையும் புதிதாகக் கொடுக்கவில்லை. கோப்பிக் காலத்தில் இலங்கையில் கம்பனிகள் தமது பெயர் பொறித்த செப்பு டோக்கன்களை அடித்துத் தோட்டங்களிற் கூலியாக வழங்கின. பெயரும் மாறவில்லை என்பது வேடிக்கையாயினும், அன்றைய டோக்கன் உழைப்பாளியின் கைக்கு வந்தது என்ற வேறுபாட்டை மறைத்தல் தகாது.

விளையாட்டுப் பொற்காசை மெய்ப்பணமாக்கும் தொழில் இதற்கு முன்னரும் இருந்தது. ஆனால் அது திரைமறைவில் நிகழ்ந்தது. சீனாவின் தொழிற்சிறை ஒன்றிற் பகலெல்லாம் கடும் உழைப்பில் ஈடுபடுத்தப்பட்ட கைதிகள் இரவில் இணைய விளையாட்டுகளை ஆடிப் பொற்காசு சேர்க்கக் கட்டாயப்படுத்தப்பட்டமையை முன்னாட் கைதியொருவரின் வாக்குமூலத்தோடு ‘த கார்டியன்’ நாளிதழ் 2011 மே மாதத்தில் வெளியிட்டது. விளையாட்டு பொருளாதார நலனுக்கு அப்பாற்பட்டது என்று 1938 இல் ஹுயிஸிங்கா வகுத்த இலக்கணம் அச்சிறைச்சாலையின் வாயிலில் முறிந்துவிடுகிறது. இணைய விளையாட்டுகள் ஆட்டக்காரரைச் சிறந்த வேலையாட்களாகப் பழக்குகின்றன என்று நிக் யீ 2006 இலேயே எழுதினார். எனவே, காவலரண் விளையாட்டை வேலையாக்கிவிட்டது என்னும் முறைப்பாடு வரலாற்றுணர்வற்றது. முந்திய பத்தாண்டுகளிலும் நாள்தோறும் அதே பகையைக் கொன்று, அதே தாதுவைத் தோண்டி, அதே எண்ணிக்கையை நிரப்பியே ஆட்டக்காரர் முன்னேறினர். அவ்வுழைப்பு அப்பொழுது குதிரையேற்றத்தாலும் வாள்வீச்சாலும் போர்த்தப்பட்டிருந்தது. காவலரண் போர்வையை நீக்கி மேசையையும் கடிகாரத்தையும் பேரேட்டையும் முன்வைத்தது. வெறுக்கப்பட்டது அம்மேசை காட்டிய உண்மையே என்பது எமது துணிபு.

இவ்விடத்தில் வாசகர் ஏங்கல்ஸ் 1888 இல் மார்கரெட் ஹார்க்னெஸுக்கு எழுதிய கடிதத்தை நினைவுகூர்வர். முடியாட்சிப் பக்தராகிய பால்சாக் தமது அநுதாபத்துக்கு மாறாகவே பிரபுவம்சத்தின் வீழ்ச்சியைச் சித்திரித்ததனை யதார்த்தவாதத்தின் பெருவெற்றியாக ஏங்கல்ஸ் கண்டார். பிளிசார்ட் கம்பனியைப் பால்சாக்காக்க நாம் முற்படவில்லை. பால்சாக் தம் மாந்தரைக் கூர்ந்து நோக்கினார். அந்நோக்கே அவருடைய கொள்கையை மீறிச் சென்றது. காவலரணை அமைத்தவர்கள் எதனையும் நோக்கியதாகச் சொல்வதற்கில்லை. பண்ணையும் பேரேடும் கொண்ட சிறு கைப்பேசி விளையாட்டுகள் அக்காலத்தில் உலகெங்கும் பெற்ற வரவேற்பு, நாள் தவறாமல் ஆட்டக்காரரை வரச்செய்யும் உபாயத்தைக் கம்பனிகளுக்கெல்லாம் கற்றுக்கொடுத்திருந்தது. ஆயினும் வடிவத்துக்கென ஒரு தருக்கம் உண்டு. படைப்பாளியின் பார்வையிலிருந்தன்றி வடிவத்தின் இயக்கத்திலிருந்தே உண்மை வெளிப்படுவது பண்டமாகவே பிறக்கும் கலைவடிவங்களின் சிறப்பியல்பு. இவ்வகைப் படைப்புகளைத் திறனாயும்போது உரையாடலையும் கதையையும் காட்டிலும் விதிகளைப் படிக்க வேண்டும் என்று நாம் கருதுவது இதனாலேயே.

கதையை எடுத்துக்கொண்டால், இவ்விரிவாக்கத்தின் மெய்யான தோல்வி அங்குதான் உள்ளது. அதனை வெறுத்தவர்களும் இதனைப் போதிய அளவு வற்புறுத்தவில்லை. ஓர்க்குகள் அரக்கரின் குருதியைக் குடித்து வெறிகொண்டு பிறர் நிலத்தைச் சூறையாடினர் என்பது இவ்வுலகின் பழைய புராணம். ஆக்கிரமிப்புக்குக் காரணம் குருதியிற் கலந்த நஞ்சு, சமூகத்துக்குப் பொறுப்பில்லை. இவ்விரிவாக்கத்திலோ, கறோஷ் என்பவன் 35 ஆண்டு முந்திய மாற்றுலகொன்றுக்குச் சென்று, தன் தந்தை குறோமாஷ் அக்குருதியைக் குடிக்காமல் தடுக்கின்றான். குருதி இல்லை, நஞ்சு இல்லை. பதிலாக அவன் கொணர்வது தொழில்நுட்பம். சிதறிக்கிடந்த குலங்கள் ‘இரும்பு ஹோர்ட்’ ஆகத் திரள்கின்றன, புகைவண்டி ஓடுகிறது, பிளாக்ரொக் வார்ப்புச்சாலையில் ஊதுலைகள் இரவுபகலாக எரிகின்றன, ஆயுதம் குவிகிறது, குவிந்த ஆயுதம் அயல்நிலத்தைத் தேடுகிறது. எவ்வளவு பொருள்பொதிந்த திருப்பம்! குலச் சமுதாயமொன்று திடீரெனப் பெற்ற உற்பத்திச் சக்திகள் அதனை எங்கே இட்டுச்செல்கின்றன என்ற வினாவை ஒரு வணிகப் புனைவு எழுப்பிவிட்டது. மாயமில்லாமலே ஆக்கிரமிப்பு நிகழக்கூடும் என்று அது ஒப்புக்கொண்டது. 2015 பெப்ரவரியில் திறக்கப்பட்ட அவ்வார்ப்புச்சாலையை, ஊதுலையும் உருளும் பட்டைகளும் தண்டவாளங்களுமே பகையாகி நிற்கும் அக்களத்தை, இவ்விரிவாக்கத்தைப் பழித்தவர்களும் மெச்சினர்.

நான்கே மாதங்களில் இவ்வினா கைவிடப்பட்டது. ஜூன் மாதத் திருத்தத்திற் பழைய மந்திரவாதி ஆட்சியைக் கைப்பற்றுகின்றான். அரக்கர் தலைவன் மீண்டும் வருகின்றான். குருதியும் மீண்டும் வருகிறது. ஊர்களை எரித்த குறோமாஷ் இறுதியில் விடுதலை வீரனாக ஆட்டக்காரர் அருகே நின்று வெற்றிமுழக்கம் செய்கின்றான். வரலாறு தொடங்கிய இடத்திற்கு இறையியல் திரும்பி வந்தது. அவசரமும் ஆட்குறைவும் இதற்குக் காரணமாயிருக்கலாம். எனினும் அவசரத்தில் எழுதுபவர் கைக்கு முதலில் எட்டுவது எது என்பதும் கருத்தியல் பற்றிய வினாவே.

இனித் தனிமை பற்றிய முறைப்பாட்டுக்கு வருவோம். அதன் ஒரு பக்கம் பொய் என்று கண்டோம். மறுபக்கம் மெய். பாத்திரமேற்பு என்னும் செயல் தனியொருவரால் நிறைவெய்தக்கூடியதன்று. இதற்கு எமது மலையகத் தோட்டங்களில் மாசி மாதத்தில் ஆடப்படும் காமன் கூத்தினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை. கொழுந்து பறிப்போரும் கவ்வாத்து வெட்டுவோருமே அங்கே மன்மதனும் ரதியும். தப்பு முழங்க லயந்தோறும் அவர்கள் ஆடிவர, வாசலில் நிற்பவர்கள் பார்வையாளராக மட்டும் நிற்பதில்லை. வீரபத்திரன் வரும்போது அஞ்சுகின்றனர். காமன் எரியும்போது ரதியோடு அழுகின்றனர். வேடத்தை ஏற்றவன் ஒருவன்; அவ்வேடத்தை வேடமாக்குவது தோட்டம் முழுவதும். மறுநாட் காலை மன்மதன் மலைக்குப் போகும்போதும் அவன் மன்மதனாக ஆடியதை ஊர் நினைவில் வைத்திருக்கும். வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டின் முதற் பத்தாண்டுகளிலும் இதன் சாயல் இருந்தது. ஒருவர் நல்ல காவலர், ஒருவர் ஏமாற்றுக்காரர் என்ற பெயர் அவ்வுலகில் வாய்மொழியாகப் பரவியது. காவலரணின் சுவர்களுக்குள் ஆயிரமாயிரம் தளபதிகள் அமர்ந்தபோது, ஒவ்வொருவரும் உலகின் ஒரே தளபதியாயினர். எல்லாரும் மன்மதனாகிவிட்ட தோட்டத்திற் கூத்து நடப்பது எங்ஙனம்? இழப்பை ஆட்டக்காரர் சரியாகவே உணர்ந்தனர். அதற்குக் காரணம் சலிப்பூட்டும் வடிவமைப்பு என்று மட்டும் கண்டதிலேயே அவர்கள் உணர்வு நின்றுவிட்டது. உடைமை தனித்தனியாகப் பிரித்துக்கொடுக்கப்பட்ட இடத்தில் பொதுவெளி வற்றிப்போவது காவலரணில் மட்டுமே நிகழ்ந்த விபத்தன்று.

அடுத்த விரிவாக்கங்கள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. 2016 இற் காவலரணின் சுவர்கள் அகற்றப்பட்டன. ஆட்டக்காரர் பொதுமண்டபங்களிற் கூடினர். மேசை மட்டும் அகற்றப்படவில்லை. அதனைக் கைப்பேசியிலிருந்தே இயக்கும் வசதி அவ்வாண்டு சேர்க்கப்பட்டது. பேருந்தில் இருந்தபடியும் துணைவரை வேலைக்கு அனுப்ப முடிந்தது. 2018, 2020 விரிவாக்கங்களிலும் வெவ்வேறு பெயர்களில் மேசை தொடர்ந்தது. 2022 நவம்பரில் வந்த விரிவாக்கத்திலேதான் அது கைவிடப்பட்டது. வெறுக்கப்பட்ட ‘வார்லோர்ட்ஸ் ஒவ் டிரேனோர்’ தனித்ததொரு பிறழ்வு என்பார், அதன் மேசை ஆறாண்டுக்கு மேலாக வேறு கூரைகளின் கீழ் நின்றதை விளக்க வேண்டும். கம்பனி வெறுப்பைக் கேட்டது. தனக்குப் பயன்பட்டதை வைத்துக்கொண்டது.

மேசைக்கு மறுபுறம் இருந்தவர்களைப் பற்றியும் ஒருசொல். பதினான்கு மாத வறட்சியை ஆட்டக்காரர் உருவாக்குநரின் சோம்பலாகக் கண்டனர். ‘சோம்பேறிப் பியோன்கள்’ என்ற அதே குரல்தான். விரிவாக்கங்களை விரைந்து வெளியிட வேண்டுமென்று வற்புறுத்தப்பட்டதும், எழுதி முடியாதவை வெட்டி எறியப்பட்டதும் ஓவியரும் நிரல் எழுதுவோரும் சோதனையாளரும் எடுத்த முடிபுகளல்ல. 2023 ஒக்டோபரில் மைக்ரோசொஃப்ட் இக்கம்பனியின் தாய்க்கம்பனியை ஏறத்தாழ 6,900 கோடி டொலருக்கு வாங்கியது. 2024 ஜனவரியில் மைக்ரோசொஃப்டின் விளையாட்டுப் பிரிவில் 1,900 பேர் வேலைநீக்கப்பட்டனர். அவ்வாண்டு ஜூலையில், வேர்ல்ட் ஒவ் வோர்கிராஃப்டை ஆக்கும் ஐந்நூறுக்கு மேற்பட்ட தொழிலாளர் அமெரிக்கத் தொடர்பாடல் தொழிலாளர் சங்கத்தின் கீழ் ஒன்றிணைந்தனர். வடிவமைப்பாளர், பொறியியலாளர், ஓவியர், ஒலியமைப்பாளர், சோதனையாளர் என எல்லாப் பிரிவினரும் அதில் அடங்குவர். இருபது ஆண்டுகளாகத் தடியோடு எழுப்பப்பட்டுவந்த பியோன்களை வரைந்த கைகளும் அவற்றுள் உண்டு.